பதினேழாம் பந்தி

எங்கள் மூன்றாம் வான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை படுத்துவிட்டது. இரவு முழுக்கச் செருகி வைத்திருந்தும் ஒரு துளி மின்சாரம் ஏறவில்லை. ஏழு மணிக்கு முதல் நோயாளியை ஏற்றவேண்டும். நான் சாரதியைத் திட்டினேன், பிறகு செருகியைத் திட்டினேன், இரண்டாலும் பலனில்லை.

மேற்குச் சிட்னியில் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிச் சிகிச்சை நிலையத்தில் இறக்கித் திரும்பக் கொண்டுவரும் ஒரு சிறிய சேவையில் வேலை செய்கிறேன். நாலு வான்கள், முப்பது பேருக்குக் கொஞ்சம் மேலே. அவர்களில் பெரும்பாலானவர்கள் டயாலிசிஸ் எடுப்பவர்கள். யாரை எத்தனை மணிக்கு எந்த வான் ஏற்றும் என்று பட்டியல் போடுவது என் வேலை. பட்டியல் போடுகிறவள் என்றால் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறவள் என்று அர்த்தம். நானும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுகிற ஆள் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திவிடும், கை அதற்கும் முந்திவிடும். அந்தக் கையால் நான் எழுதிய ஐந்தாறு வரிகளைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வான்களைப் பார்ப்பவர் கோயம்புத்தூர்க்காரர். கெல்லிவில்லிலிருந்து வருவார். வானின் வயிற்றைத் திறந்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழும்பிக் கையைத் துடைத்தார்.

"அக்கா, உள்ள இருக்கற சார்ஜர் போயிடுச்சு. வண்டி நல்லாத்தான் இருக்கு. சாப்பாடுதான் இறங்க மாட்டேங்குது."

ஒரு சோடிச் சப்பாத்து வருகிற பெட்டி அளவான சாமான் அது. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தைப் பற்றரி ஏற்றுக்கொள்ளும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. எங்கள் நாலு வான்களில் மூன்றில் அதே பெட்டிதான். "புதுசு ஒண்ணு கப்பல்ல வருது, ரெண்டு வாரத்துல மாட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்துத் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"அக்கா, சிக்கலாயிடுச்சு. அந்தப் பெட்டி தங்களோட டிசைனைத் திருடிப் பண்ணதுன்னு மெல்போர்ன்ல ஒரு சின்ன கம்பெனி கேஸ் போட்டிருக்காங்க. கோர்ட் தடை போட்டா இனிமே நாட்டுக்குள்ளயே வராது."

"அப்ப அந்த மெல்பேர்ண் கொம்பனியின்ர அசல் பெட்டியை வாங்கிப் பூட்டுங்கோவன்."

"பொருந்தாதுக்கா. உள்ள இருக்கற யோசனை அவங்களோடது. வெளிய இருக்கற பிளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் இவங்களோடது. நம்ம வண்டி அதை ஏத்துக்காது."

"திருடினவன் திருடிப்போட்டான். அதுக்கு எங்கட சனம் ஏன் வீட்டில கிடக்கவேணும்?"

அவர் சிரிக்கவில்லை. "அப்படியும் சொல்லிட முடியாதுக்கா. நாலஞ்சு வருஷம் உக்காந்து ஒருத்தன் ஒண்ணு செஞ்சு, அதை அடுத்தவன் சும்மா தூக்கிட்டுப் போலாம்னா, நாளைக்கு எவன் உக்காருவான்?"

எனக்கு அந்த நேரத்தில் அந்த நியாயம் காதில் ஏறவில்லை. மூன்று வான் ஓடவேண்டிய இடத்தில் இரண்டு ஓடியது. நாலாவது பழைய டீசல் வான், அதில் சக்கரநாற்காலி ஏற்றுகிற லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. நான் ஒவ்வொரு மாலையும் யாரை விடுவது, யாரை ஏற்றுவது என்று பெயர்களை வெட்டி வெட்டி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மெல்பேர்ண் நிறுவனத்தை வாயில் வந்தபடி ஏசினேன்.

அந்த வாரமே பெட்டியை இறக்குமதி செய்கிறவர்களுடைய சட்டத்தரணி தொலைபேசியில் வந்தாள். இளம்பெண், எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். விஷயத்தை எனக்கு விளங்கும்படி சொன்னாள் என்பதை மறுக்கமாட்டேன். நீதிமன்றம் தடை போடமுன் யார் உரிமை யாருடையது என்று மட்டும் பார்க்காதாம். இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத பொதுமக்களுக்கு அந்தத் தடையால் என்ன நடக்கும் என்றும் பார்க்குமாம். அதற்கு உண்மையான மனிதர் ஒருவர் தன் நிலைமையைச் சத்தியக்கடதாசியில் சொன்னால் நல்லது என்றாள். "சம்வன் த ஜட்ஜ் கான் சீ" என்றாள். நீதிபதியின் கண்ணுக்குத் தெரிகிற ஒருவர் வேண்டும். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. எங்கள் வானில் வரும் அன்ரி இருந்தார்.

அன்ரிக்கு எழுபத்துநாலு வயது. ஊரில் கணித ஆசிரியையாக இருந்தவர். டூங்காபியில் ரயில் நிலையத்துக்கு எட்டமான மேட்டு வீதியில் தனியே இருந்தார். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஆனாலும் கஞ்சி போட்டு மடித்த சீலை உடுத்து, கொண்டை போட்டு, வான் வரமுன் வாசலில் வந்து நிற்பார். ஊசி குத்தப் போகிறவருக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று நான் ஒருநாள் பகிடி விட்டேன். "குத்துறவள் என்னைப் பாத்து ஒரு மரியாதையோட குத்தட்டும்" என்றார்.

அவருக்கு ஒரே மகன். மெல்பேர்ணில், பொயிண்ட் குக்கில் இருக்கிறான். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவருடைய பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பல்கலைக்கழகம், வீடு எத்தனை அறை, கலியாணம் ஏன் இன்னும் சரிவரவில்லை என்று அத்தனையும் விசாரித்துவிடுவோம். அந்தப் பிள்ளை காலையில் எழும்பிப் போய் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்கமாட்டோம். "இஞ்சினியர்" என்றால் போதும், அதோடு கேள்வி முடிந்தது. அன்ரியின் மகன் இஞ்சினியர் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடம் அன்ரியோடு வானில் போய்வந்த எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

வானில் இருந்தபடியே அவனோடு ஃபோனில் கதைப்பார். "ஓம் தம்பி, எல்லாம் நல்லாப் போகுது. தெரிஞ்ச பிள்ளை ஒண்டு காரில ஏத்திக்கொண்டு போகுது. நீ உன்ர அலுவலைப் பார்." முதல்முறை கேட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். "தெரிஞ்ச பிள்ளை எண்டு என்னையோ சொல்லுறியள், அன்ரி?" என்றேன். "நீ தெரிஞ்ச பிள்ளைதானே. வானும் ஒரு கார்தானே" என்று கண்ணடித்தார். மகனுக்குக் கவலை வைக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

சட்டத்தரணியின் அலுவலகம் பரமட்டாவில், நீதிமன்றப் பக்கம். வெளிக்கிட முதல்நாள் அன்ரியின் குசினியில் இருந்து, என்ன கேட்பார்கள், என்ன சொல்லவேண்டும் என்று பேசிக்கொண்டோம். வான் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்யிறது பிள்ளை, செத்துத்தான் போவன்" என்றார் சாதாரணமாக. "உந்தக் கதையை அப்படியே நாளைக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

மறுநாள் நல்ல நீலச் சீலை, ஒரு டப்பாவில் அந்தப் பிள்ளைக்கென்று சுட்ட வாழைப்பழ வாய்ப்பன். சட்டத்தரணி நன்றி சொல்லி அதை மேசையில் வைத்துவிட்டு, இதுதான் விஷயத்துக்குரிய சாமான் என்று ஒரு படத்தை முன்னால் தள்ளினாள். இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில். இறக்குமதி செய்தது ஒன்று, மெல்பேர்ண் நிறுவனத்தினது மற்றது. கீழே நிறுவனத்தின் பெயர்.

அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். வயதானவர்கள் எல்லாப் படத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நான் நினைத்தேன்.

"இது மெல்பேர்ணில இருக்கிற கொம்பனியோ?" என்று கேட்டார்.

"யெஸ் அன்ரி. தே ஆர் த அதர் சைட்."

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு பதிலும் முதல்நாள் சொன்னதற்கு நேர்மாறாக வந்தது. வான் இல்லாவிட்டால் எப்படிப் போவீர்கள்? "பஸ்சில போவன். பஸ் நல்லா ஓடுது." அது கஷ்டம் இல்லையா? "எனக்கு என்ன கஷ்டம் பிள்ளை. நடக்கிறது உடம்புக்கு நல்லது." உதவ யாரும் இருக்கிறார்களா? "ஏன் இல்லை? மகன் இருக்கிறான். ஒரு சொல்லுச் சொன்னால் ஓடி வருவான்."

சட்டத்தரணி எழுதினாள், எழுதினாள், பிறகு பேனையை மூடினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் குறுக்கே பேசியிருக்கலாம். பெரியவரை அந்நியர் முன்னால், 'இவர் சொல்வது பொய், இவரால் வாசல் படி இறங்கவே ஏலாது' என்று எப்படிச் சொல்வது? வாய்கொண்ட நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். லிஃப்டால் இறங்கி வீதிக்கு வந்ததும் பிடித்தேன்.

"என்ன அன்ரி விசர்க்கதை கதைச்சனீங்கள்? பஸ்சில போவீங்களோ? மகன் ஓடி வருவானோ? நேற்று என்னட்டச் சொன்னது என்ன, இண்டைக்குச் சொன்னது என்ன?"

அன்ரி பஸ் தரிப்பிடத்துக் கதிரையில் மெல்ல இருந்தார். "அது என்ர பிள்ளையின்ர பெட்டி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அந்தக் கொம்பனியிலதான் வேலை செய்யிறான். அந்தப் பெட்டியைச் செய்ததே அவன்தான், இன்னும் ரெண்டு பேரோட. நாலு வருஷம். பேசி வைச்ச கலியாணமும் அதோட போச்சு. செய்து முடிச்ச அண்டைக்கு எனக்கு ஃபோன் எடுத்துச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதவன். பிறகு ஒருநாள் எடுத்து, 'அம்மா, களவெடுத்துப் போட்டாங்கள்' எண்டான். நான் அவனுக்கு எதிரா எண்டு கடதாசியில கையெழுத்து வைக்கவோ?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மின்சார வான்கள் வந்த இரண்டு வருடமாக, அவனுடைய பெட்டியைப் பார்த்துத் திருடிச் செய்த பெட்டியால் ஓடிய வானில்தான் அவனுடைய அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறார். அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, எங்கள் யாருக்கும் தெரியாது.

"இன்னொண்டும் சொல்லுறன் பிள்ளை. என்ர வீட்டுக் கதை எந்தக் கடதாசியிலும் ஏறக்கூடாது. நான் தனியப் போய்வாறன், அவன் பாக்கிறேல்லை எண்டு எவனும் எழுதி எவனும் வாசிக்கக்கூடாது. எனக்குச் சொல்லுத் தா."

"சரி அன்ரி" என்றேன். தெளிவாக, சத்தமாகச் சொன்னேன். என் காதுக்கே கேட்டது.

பிறகு வந்த வாரங்கள் மோசம். இரண்டாம் வானிலும் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. வழக்கு முடிவாகும்வரைக்குமான தடையை நீதிமன்றம் விசாரிக்க நாள் குறித்திருந்தது. நான் பட்டியலில் ஆட்களைச் சுருக்கினேன். ஒருவரை விடியற்காலையில் கொண்டுபோய் இரண்டு மணிநேரம் காக்கவைத்தேன். இன்னொருவருடைய மகளை வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிப்போகச் சொன்னேன், அவள் என்னை ஏசினாள், நான் அவளை ஏசினேன். இந்த நிலைமையில் அன்ரி ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டு, "புதன்கிழமை என்னை வெட்டிவிடு. கால் இல்லாத அந்த ஐயாவை ஏத்து. நான் எப்பிடியும் போவன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "நான் வாசலுக்கு வரமாட்டன், வான் வந்து நிண்டுபோட்டுப் போகும்" என்றார். ஆசிரியையோடு வாதாடி வென்றவர் உண்டா?

அந்தப் புதன்கிழமை மாலை நாலு மணிக்கு ஃபோன் எடுத்தேன், பதில் இல்லை. ஐந்து மணிக்கும் இல்லை. சிகிச்சை நிலையத்தில் கேட்டால், மூன்றரைக்கே போய்விட்டார் என்றார்கள். என் காரை எடுத்துக்கொண்டு போனேன். சிகிச்சை நிலையத்துக்குக் கிட்ட உள்ள பரமட்டா ரயில் நிலையத்தில் தேடி, ஐந்தாவது நிமிடத்தில் கண்டேன். மேடைக் கதிரை ஒன்றில் நிமிர்ந்து இருந்தார். ஊசி குத்திய இடத்துத் துணிக்கட்டில் இரத்தம் ஊறிச் சீலைத் தலைப்பில் பட்டிருந்தது. அதை மடித்து மறைத்து வைத்திருந்தார். சனம் இருபக்கமும் போய்க்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும், ரயிலுக்குக் காத்திருக்கிற மரியாதையான ஒரு அம்மா என்றுதான் நினைப்பார்கள்.

"கொஞ்சம் தலை சுத்தினது. எழும்பினால் விழுந்துபோவன் எண்டு பயந்து இருந்தனான்" என்றார்.

"எவ்வளவு நேரமா?"

"ஒண்டரை மணித்தியாலம் இருக்கும். ரெயின் எல்லாம் போகுது, பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஏன் எனக்கு எடுக்கேல்லை? நான் எடுத்ததுக்கும் பதில் இல்லை."

"நீ வேலையில நிப்பாய். கேட்டால் விட்டிட்டு ஓடி வருவாய்."

காரில் வரும்போது வீதியை மட்டும் பார்த்து ஓட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன், அல்லது அடித்துவிடுவேன் போல இருந்தது. அவரை வீட்டில் விட்டு, துணிக்கட்டை மாற்றி, சூடாக ஒரு தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு நேரே டிப்போவுக்குப் போனேன். சட்டத்தரணிக்கு என்னுடைய சொந்தச் சத்தியக்கடதாசி ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். வான்கள் எத்தனை, பயணிகள் எத்தனை, பெட்டி வராவிட்டால் என்ன நடக்கும் என்று இலக்கம் போட்டு எழுதிய பதினாறு பந்திகள் தயாராக இருந்தன. நான் பதினேழாவதை எழுதினேன்.

'எங்கள் பயணிகளில் ஒருவர் எழுபத்துநாலு வயது விதவை. முன்னாள் கணித ஆசிரியை. டூங்காபியில் தனியே வசிக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வானில் இடமில்லாத ஒருநாள் பொதுப் போக்குவரத்தில் சென்று, திரும்பும் வழியில் எழும்ப முடியாமல் ரயில் நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் தனியே இருந்தார். அவருடைய ஒரே மகன் வேறு மாநிலத்தில் வசிக்கிறார். அவரிடமிருந்து உதவி எதுவும் கிடைப்பதில்லை.'

பெயர் போடவில்லை. பெயர் போடாததால் சொல் தவறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி வசனம் தேவையே இல்லாதது. அதை வழக்குக்காக எழுதவில்லை, ஆத்திரத்தில் எழுதினேன். நீதிபதி வாசிப்பார், மற்றப் பக்கத்துச் சட்டத்தரணிகள் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் வாசிப்பான் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லையா, நினைக்க விரும்பவில்லையா என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. முப்பது பேருடைய உயிர் ஒரு தட்டில், ஒருவருடைய மானம் மறு தட்டில் என்று அன்றைக்கு நினைத்தேன். கணக்கு லேசாகத்தான் இருந்தது. சட்டத்தரணிக்குப் பதினேழாம் பந்தி மிகவும் பிடித்துவிட்டது. அன்ரியின் மகன் யார் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, உங்கட பேர் கடதாசியில இருந்தது. வேலையிடத்து நம்பர் தேடி எடுத்தனான். எனக்கு ஒரு கேள்விதான்." குரல் தாழ்ந்து, மரியாதையாக இருந்தது. "பதினேழாம் பந்தியில இருக்கிறது என்ர அம்மாவோ?"

சொல்ல முடியாது, இரகசியம், சட்டத்தரணியைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லியிருக்கலாம். "ஓம் தம்பி" என்றேன்.

அந்தப் பக்கத்தில் கதவு ஒன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எங்கட லோயர்மார் அதை என்னட்டத் தந்தவை, அக்கா. இதில ஓட்டை இருக்கோ பார், மிகைப்படுத்தி எழுதியிருக்கினமோ பார் எண்டு. நான் வாசிச்சுக்கொண்டு போறன், கணித ஆசிரியை, டூங்காபி..." நிறுத்தினான். "அம்மா ஆரோ தெரிஞ்ச பிள்ளை காரில கொண்டுபோகுது எண்டெல்லோ சொன்னவ."

"அது நான்தான், தம்பி."

"நான் கேட்டிருக்கவேணும். ஆர் அந்தப் பிள்ளை, பேர் என்ன, கார் என்ன எண்டு ஒருக்காலாவது கேட்டிருக்கவேணும். அவ நல்லாயிருக்கிறன் எண்டா. நான் நம்பிறதுக்கு வசதியா இருந்தது."

பிறகு அவன் குரல் மாறியது. "ஆனால் அக்கா, அந்தப் பெட்டி எங்கட. அதில ஐமிச்சம் இல்லை. நாங்கள் பன்ரண்டு பேர் அந்தச் சம்பளத்தில சீவிக்கிறம். அவங்கள் எங்களை அழிச்சுப் போட்டாங்கள். அதையும் நீங்கள் எழுதியிருக்கலாம்."

"எனக்கு அது தெரியும், தம்பி" என்றேன். உண்மையிலேயே அப்போது தெரிந்தது.

அவன் தன் முதலாளிகளிடம் என்ன பேசினான், எப்படிப் பேசினான் என்று எனக்குத் தெரியாது. விசாரணைக்கு முதல்நாள் இரு தரப்பும் ஒரு கட்டளைக்கு ஒத்துக்கொண்டதாகச் சட்டத்தரணி சொன்னாள். வழக்கு முடியும்வரை அந்தப் பெட்டியை இனி விற்பனைக்கு இறக்கக்கூடாது. ஆனால் ஏற்கெனவே வீதியில் ஓடுகிற, நோயாளிகளை ஏற்றுகிற வாகனங்களுக்கு மாற்றுப் பெட்டி கொண்டுவரலாம். நீதிபதி அதை ஏற்றுக் கையெழுத்து வைத்தார். "இட்ஸ் அ ரியலி குட் அவுட்கம்" என்றாள். கோயம்புத்தூர்க்காரர் புதுப் பெட்டியைப் பூட்டி, செருகியைச் செருகி, பச்சை விளக்கு எரிந்ததும் கைதட்டினார். "கடைசில ரெண்டு பக்கமும் நியாயமா முடிஞ்சுதுக்கா" என்றார். மூன்றாம் வான் அடுத்தநாள் ஏழு மணிக்குப் புறப்பட்டது. நான் அன்றைக்கு ஒருவருடைய பெயரையும் வெட்டவில்லை.

நான் வெட்டாமலே பட்டியலை விட்டுப் போகவிருந்த பெயர் ஒன்று இருந்தது. அன்ரியின் மகன் அதற்கு முந்திய சனிக்கிழமையே வந்துவிட்டான். இரண்டு நாள் நின்று, வீட்டு வாசல் படியை, குளியலறையை, ஃப்ரிட்ஜை, மருந்துப் பெட்டியை எல்லாம் பார்த்தானாம். அம்மாவைப் பொயிண்ட் குக்குக்குக் கூட்டிப்போவதென்று முடிவெடுத்துவிட்டான். அங்கேயுள்ள சிகிச்சை நிலையத்தில் இடம் கிடைத்தது. அன்ரி மறுக்கவில்லையாம். இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு, நடந்து போகக்கூடிய தூரத்தில் சிநேகிதிகள், வெள்ளிக்கிழமைக் கோயில். மறுக்க அவருக்கு ஒரு வாய் இருக்கவில்லை, அதை நான் எழுதிப் பறித்துவிட்டேன்.

போகிற நாளுக்கு முதல்நாள் காலையில் போனேன். கதவைத் திறந்தவர் "வா" என்றார். குசினி முழுக்கப் பெட்டிகள். இருந்த இரண்டு கதிரைகளில் ஒன்றை எனக்கு இழுத்துப் போட்டார். கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றைத் திறந்து, கோப்பை ஒன்றைத் தேடி எடுத்துத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"அன்ரி, நான் சொல்லு மாறிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அவன் எனக்கு அதைத் தமிழில வாசிச்சுக் காட்டினவன்" என்றார். "ஒரு பொய்யாவது இருக்கோ எண்டு தேடினனான். இருந்தால் உன்னை ஏசலாம். ஒண்டும் இல்லை. கடைசி வரி கொஞ்சம் கூடிப்போச்சு, ஆனா பொய் இல்லை."

சொல்லிவிட்டுத் திறந்த பெட்டியை மறுபடி மூடினார்.

"முந்தி அவன் ஃபோன் எடுத்தால் தன்ர கதையைத்தான் சொல்லுவான். பெட்டி சூடாகுது, இப்ப சூடாகேல்லை, மனேச்சரோட சண்டை, அதெண்டு இதெண்டு. எனக்கு ஒண்டும் விளங்காது, ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருப்பன். அது எனக்குப் பெரிய சந்தோசம். இப்ப எடுத்தால் சாப்பிட்டியளோ, பிரஷர் எவ்வளவு, படி இறங்கினீங்களோ, இதுதான். தன்ர கதை ஒண்டும் சொல்லுறேல்லை. நான் கேட்டாலும் சொல்லுறேல்லை. டயாலிசிஸ் செய்யிற வருத்தக்காரிக்கு ஆர் தன்ர கரைச்சலைச் சொல்லுவினம்?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"இப்ப வானில எத்தினை பேர் போகினம்?"

"முப்பத்தொரு பேர், அன்ரி."

"ஒருத்தரும் வீட்டில நிக்கிறேல்லையோ?"

"இல்லை அன்ரி. எல்லாரும் போகினம்."

துணியை மடித்து வைத்தார். "அப்ப நீ செய்தது சரி" என்றார். "எனக்குக் கோபம் இருக்கு, ஆனாலும் நீ செய்தது சரிதான். கணக்குப் படிப்பிச்சனான், முப்பத்தொண்டு பெரிசு எண்டு எனக்கு விளங்காதே?" என்னை நேராகப் பார்த்தார். "ஆனா இனி எனக்கு ஃபோன் எடுக்காதை, பிள்ளை. கடிதமும் போடாதை. சுகம் விசாரிக்கவும் வேண்டாம்."

"ஓம் அன்ரி" என்றேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மெல்பேர்ணிலிருந்து வருகிறவர்கள் யாராவது பொயிண்ட் குக் என்று சொன்னால், அன்ரி எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வரும். கேட்பதில்லை. ஃபோனில் அவருடைய எண் அப்படியே இருக்கிறது, எடுப்பதும் இல்லை. அவருக்குக் கொடுத்த சொற்களில் இந்த ஒன்றையாவது காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.